மேல்மாடியில் தம்பி

கொட்டாஞ்சேனை கொன்ஸ்ரன்ரைன், கொழும்புத் துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை இறக்கியே காலத்தைக் கழித்தவர். மாத்தூசியும் பீடியும் சேர்ந்து அவருடைய நெஞ்சைத் தின்றுவிட்டன. ஐம்பத்தாறு வயதில், கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

"இந்த வருத்தம் மாறாது. கூடாமப் பாக்கலாம், அவ்வளவுதான்," என்றார் கிளினிக் டொக்டர். "வீட்டில ஒக்சிசன் வைச்சுக் குடுத்தா நல்லது. எங்கட வாட்டுக்கே சிலிண்டர் காணாது."

அந்தக் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோதுதான் அவருடைய மனைவி மாக்ரெட்டுக்கு மட்டக்குளி ஹமீமா பழக்கமானாள். ஹமீமாவின் வாப்பாவுக்கும் இதே வருத்தம். அவர் மவுத்தான பிறகு அவளே சொல்லி அனுப்பினாள்: "வாப்பாட சிலிண்டர் சும்மா கிடக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க. தம்பி ஓட்டோவுல கொண்டாந்து உடுவான்."

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. கொழும்பில் கையில் ஒரு பார்சல் வைத்திருக்கவே தமிழர்கள் பயந்தார்கள். யாருடைய கண்ணிலும் பட வேண்டாமென்று மாக்ரெட் சிலிண்டரைப் படுக்கை விரிப்பால் சுற்றினாள். அதுவே வினையாயிற்று. சோதனைச் சாவடியில் விரிப்பை விலக்கிய ஆமிக்காரன் குண்டென்று நினைத்துப் பின்னால் பாய்ந்தான்.

"மொகத்த மே?" இது என்ன என்று கத்தினான்.

"ஒக்சிஜன், சேர். மகே மஹத்தயாட்ட. பப்புவே அமாருவ." புருசனுக்கு நெஞ்சு வருத்தம் என்று தெரிந்த சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். கிளினிக் கார்ட்டையும் நீட்டினாள். அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்றிருந்தது; அந்தப் பக்கம் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏற்றினார்கள். ஓட்டோ ஓட்டிய ஹமீமாவின் தம்பி தாஸிமை அடித்து விரட்டினார்கள்.

தாஸிம் நேரே கொட்டாஞ்சேனைக்கு வந்தான். கொன்ஸ்ரன்ரைன் வீட்டின் மேல்மாடியில் அவருடைய தம்பி றேமண்ட் குடும்பத்தோடு இருந்தான். அவனுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை எடுத்துக் கொடுத்ததே அண்ணன்தான். செய்தியைக் கேட்டதும் றேமண்டின் முகம் வெளிறியது.

"அண்ணனுக்கு ஒண்டும் சொல்லாதயும். நான் பாத்துக்கொள்ளுறன்," என்றான். தாஸிம் அதை நம்பிப் போனான்.

பொழுதுபட, கொன்ஸ்ரன்ரைனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. வாயில் மருந்துப் பம்ப் அடித்தும் முட்டு இறங்கவில்லை. தடியால் சுவரில் தட்டினார். படியில் காலடி கேட்டது. றேமண்ட் பெட்டியோடு வந்து கதவடியில் நின்றான்.

"அண்ணன், மச்சாளப் பிடிச்சிட்டாங்கள். பொலிஸ் இஞ்சயும் வரும். பிள்ளையள வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய? வத்தளைக்குப் போறம்."

"என்னை... ஆஸ்பத்திரியில... விட்டிட்டுப் போ."

"ரோட்டெல்லாம் செக்கிங். மச்சாள் வந்திடுவா."

வாசலில் வாடகை வான் ஒன்று எஞ்சின் இரைய நின்றது. அதில் இன்னுமொருவருக்கு இடம் இருந்தது.

மனம் கேளாமல் ஹமீமா தாஸிமையும் கூட்டிக்கொண்டு வந்தபோது, கொன்ஸ்ரன்ரைன் உதடு நீலம் பாரித்துத் தரையில் கிடந்தார். இருவருமாகத் தூக்கி ஓட்டோவில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில், நோயாளி உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார்கள்.

"எங்கட நானா," என்றாள் ஹமீமா. கேட்டவன் அவளுடைய முக்காட்டையும் அவருடைய கழுத்துச் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அண்ணன் என்று எழுதிக்கொண்டான்.

கிளினிக் டொக்டர் பொலிசுக்குப் பேசிய பிறகு, மூன்றாம் நாள் மாக்ரெட்டை விட்டார்கள். சிலிண்டரைக் கேட்டாள். பரிசோதனைக்குப் போய்விட்டது என்றார்கள். சொன்னவனுக்குப் பின்னால், சுவரோடு சாய்ந்து, விரிப்போடு அது நின்றது.

கொன்ஸ்ரன்ரைன் உயிரோடு வீடு வந்தார். ஆனால் அதன் பிறகு கட்டிலை விட்டு எழும்பவில்லை. தலையணையை எப்படி அண்டக் கொடுப்பது, உதட்டைக் குவித்து எப்படி மெல்ல மூச்சு விடச் செய்வது என்று வாப்பாவுக்குச் செய்து பழகியதையெல்லாம் ஹமீமா மாக்ரெட்டுக்குக் காட்டிக் கொடுத்தாள்.

கெடுபிடி குறைந்ததும் றேமண்ட் அப்பிள் பையோடு திரும்பி வந்தான்.

"என்ன செய்யிறது அண்ணன், காலம் அப்பிடி."

கொன்ஸ்ரன்ரைனின் உதடு அசைந்தது. மாக்ரெட் குனிந்து கேட்டாள்.

"என்னவாம்?" என்றான் றேமண்ட்.

"கதைக்க மூச்சு வேணுமாம். உமக்குச் செலவழிக்க அவரிட்ட இல்லையாம்."

றேமண்ட் தலையைக் குனிந்துகொண்டு மேலே போனான். கொன்ஸ்ரன்ரைன் மனைவியை வெறித்துப் பார்த்தார். தம்பி சாப்பிட்டானா என்றுதான் அவர் கேட்டிருந்தார்.

அடுத்த மழைக்காலம் வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார். மேல்மாடியில் நடமாட்டம் கேட்டால் கண் மேலே போகும். மாக்ரெட் றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.