நாற்பத்தேழு கோடு

மேஸ்திரிக்கு நான் தரவேண்டியது நாற்பத்தேழு நிமிடம். மாதம் பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. செங்கல் ஏற்றும் லிஃப்டின் சுவிட்ச் என் கையில். செங்கல் ஏறும் நேரத்தில் அதை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடும்போதெல்லாம், மேஸ்திரி நிமிடத்துக்கு ஒன்றாகச் சுவரில் சாக்பீஸ் கோடு இழுப்பார். மாதக் கடைசியில் அத்தனை நிமிடமும் கூடுதலாக நின்று தளம் கூட்டவேண்டும். அவரையும் குறை சொல்ல முடியாது. மேலே கலவை காய்ந்தால் கொத்தனார் அவரைத்தான் ஏசுவார்.

“அக்கா, இந்த மாசம் பாக்குறேன். சரியாகலேன்னா சுவிட்ச வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்க பழையபடி மணல் தூக்க வேண்டியதுதான்.”

தலையில் சுமை ஏறினால் எனக்கு அடக்க வராது. நாலு பேர் முன்னால் துணி நனைந்து நின்றது ஒருமுறை போதும். தண்ணீர் குடிப்பதையே விட்டேன். அப்போதும் முட்டிக்கொண்டுதான் வந்தது, எரிச்சலும் சேர்ந்து.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார். சீழும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

“மூத்திரப்பை நிறையறதுக்குள்ள அது அவசரப்படுதும்மா. தண்ணிய நிறுத்துனா இன்னும் சீண்டும். டீயக் குறைங்க, தண்ணிய விடாதீங்க.”

முட்டும்போது ஓடக்கூடாதாம். நின்று, அடித்தசையை இறுக்கிப் பிடித்து, அது ஓய்ந்தபின் நடக்கவேண்டுமாம். போகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, நோட்டில் குறிக்கவேண்டும். இதற்கு மசியாவிட்டால் மாத்திரை, அதற்கும் மசியாவிட்டால் பைக்குள் ஊசி. எழுதத் தெரியுமா என்று கேட்டார். நாற்பத்திரண்டு வயதில் மகளிடம் படித்த எழுத்து, கையெழுத்துப் போட மட்டும் உதவியது. கடைசியில் இதை எழுதவா என்று சிரிப்பு வந்தது.

எட்டேகால், எட்டேமுக்கால், ஒன்பதேகால். முதல் பக்கம் அப்படித்தான். முட்டும்போது சுவிட்சைப் பிடித்தபடி லிஃப்ட் தட்டில் ஏறும் செங்கல்லை எண்ணுவேன். நாற்பதுக்குள் ஓய்ந்துவிடும். ஓயாத நாளும் உண்டு. ‘நனைந்தது’ என்று அதையும் எழுதினேன். மூன்றாம் வாரம் எட்டேகாலுக்குப் பிறகு ஒன்பதரை வந்தது. கடைசி வாரம் சுவரில் புதிதாக ஏறியது ஒன்பதே கோடு.

மாதக் கடைசியில் மேஸ்திரி வந்து சுவர்முன் நின்றார். நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“என் கணக்க விட உங்க கணக்கு சுத்தமா இருக்கேக்கா.”

“இன்னும் முழுசா சரியாகல” என்றேன். “மாத்திரை கேக்கலாம்னு இருக்கேன்.”

மேலே கொத்தனார் செங்கல் கேட்டுக் கத்தினார். மேஸ்திரி என் காலடியில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். பாதிக்குமேல் காலியாகியிருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிச் சுவரைத் தேய்த்தார். கோடுகள் கரைந்து, வெள்ளைத் தண்ணீராக மணலுக்குள் இறங்கின. நான் சுவிட்சை அழுத்தினேன்.