முப்பத்தொரு கையெழுத்தும் ஒரு மரியாதைக்காரரும்

பயணி ஒருவர் என் பெயரைக் கேட்டார். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆள் வேவுக்காரர் என்று.

அமெரிக்கா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், ஜூன் மாதம். ஓக்லண்டிலிருந்து சிக்காகோ போகும் ரயிலில் படுக்கைப் பெட்டிக்கு நான் போர்ட்டர். பயணிகளுக்குப் படுக்கை விரிப்பது, மடிப்பது, ஷூவுக்கு மெருகு போடுவது, கோட்டுத் தூசி தட்டுவது, குழந்தை அழுதால் தாலாட்டுவது எல்லாம் என் வேலை. நான் மெருகு போட்ட ஷூவின் பளபளப்பில் இன்ஜின் டிரைவர் பாதை பார்த்து ஓட்டிய காலம் அது.

பதினோரு வருஷ சர்வீஸில் ஒரு பயணிகூட என்னை ரூஃபஸ் டில்லர்ட் என்று கூப்பிட்டதில்லை. கம்பெனியை ஆரம்பித்த முதலாளியின் பெயர் ஜார்ஜ். அவர் மண்ணுக்குள் போய் முப்பது வருஷம் ஆகியும், கறுப்பு முகமும் வெள்ளைக் கோட்டுமாகப் பெட்டியில் எவன் நின்றாலும் அவன் ஜார்ஜ்தான். ஒரே வண்டியில் பன்னிரண்டு ஜார்ஜுகள் இருப்போம். ஒரு சீமாட்டி "ஜார்ஜ்!" என்று குரல் கொடுத்ததும் பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பியதில், நெவாடாப் பக்கம் ஒரு வளைவில் ரயிலே ஒருக்களித்துவிட்டது.

அப்படிப்பட்ட இடத்தில், மெலிந்த தேகமும் சாம்பல் மீசையுமாக ஒரு வெள்ளைக்காரர் பத்தாம் நம்பர் இருக்கைக்கு வந்தார். டிக்கெட்டில் பெயர் பெல்டன். என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"உங்க பேரு என்னங்க?"

"ஜார்ஜ் சார்."

"அது கம்பெனி வச்ச பேரு. உங்க அம்மா வச்ச பேரைக் கேட்டேன்."

"ரூஃபஸ் சார். ரூஃபஸ் டில்லர்ட்."

"சந்தோஷம், மிஸ்டர் டில்லர்ட்" என்று சொல்லிக் கையை வேறு நீட்டினார். நான் அந்தக் கையில் அவருடைய பெட்டியின் கைப்பிடியைக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்களை வேவு பார்க்கக் கம்பெனி ஆட்களைப் பயணிகளாக ஏற்றி அனுப்பும். இருக்கைக்கு அடியில் ஒரு நாணயத்தைப் போட்டு வைத்து, நாங்கள் எடுத்துக் கொடுக்கிறோமா என்று பார்ப்பார்கள். மதுவிலக்குக் காலம், "ஒரு பாட்டில் கிடைக்குமா?" என்று காதோடு கேட்பார்கள். மூலையில் தீக்குச்சியைச் செருகி வைத்து, பெருக்கினோமா என்று மறுநாள் எண்ணுவார்கள். இறங்கியதும் அறிக்கை எழுதுவார்கள். அறிக்கைக்குப் பெயர் வேண்டும். ஜார்ஜ் என்று எழுதினால் எந்த ஜார்ஜ்? ஆகவே மரியாதையாகப் பெயர் கேட்கும் வெள்ளைக்காரரைக் கண்டால் முதுகுத்தண்டு சில்லிட வேண்டும். எனக்குச் சில்லிட்ட வேகத்தில் ஐஸ் பெட்டியே தேவையில்லை, என்மேல் பால் பாட்டிலைச் சாய்த்து வைத்திருக்கலாம்.

சாதாரணப் பயணமாக இருந்தால் கவலையில்லை. அந்தத் தடவை என்னிடம் முப்பத்தொரு சங்க உறுப்பினர் அட்டைகள் இருந்தன. எங்கள் சங்கம் பிறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கம்பெனி அதை ஒப்புக்கொள்ளவில்லை. உறுப்பினர் என்று தெரிந்தால் அன்றே சீட்டுக் கிழியும். ஒமாஹாவில் ஒருவன் சங்கக் கூட்டம் நடந்த வீட்டு வாசலில் நின்று சுருட்டுப் பற்ற வைத்ததற்கே வேலை போனது. ஓக்லண்டில் முப்பத்தொரு போர்ட்டர்கள் கையெழுத்துப் போட்டு, தபாலை நம்பாமல், அட்டைகளை என்னிடம் கொடுத்திருந்தார்கள். சிக்காகோவில் சங்கத்தைக் கவனிக்கும் சைலஸ் பூன் அண்ணனிடம் சேர்க்க வேண்டும். அவருடைய சொந்தத் தம்பியின் அட்டையும் அதில் ஒன்று. வழியில் மாட்டினால் முப்பத்தொரு வீட்டில் உலை கொதிக்காது.

எங்கே ஒளித்திருந்தேன் தெரியுமா? பத்தாம் நம்பரின் மேல் பெர்த்தில். பகலில் மேல் பெர்த் கூரையோடு மடிந்து பூட்டியிருக்கும். சாவி என்னிடம். அந்த மேல் பெர்த் சிக்காகோ வரை விற்கப்படவில்லை. அதன் மெத்தை மடிப்புக்குள் உறை பத்திரம். அதற்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தார் இந்தப் பெல்டன்.

முதல் நாள் முழுக்கக் கேள்வி.

"மாசத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, மிஸ்டர் டில்லர்ட்?"

"நானூறு இருக்கும் சார். ஜாலியா ஓடிரும்."

"தூக்கம்?"

"தூங்குறவங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தா நமக்கும் தூங்கின மாதிரிதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத பயணி மிக ஆபத்தானவர். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போர்ட்டருங்க எல்லாம் சேர்ந்து சங்கம் ஆரம்பிச்சிருக்காங்களாமே?"

"சங்கமா? அது என்ன சார், புது சோப்பா?"

நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கிப் போய்த் தந்தி கொடுத்தார். நான் எண்ணினேன்: நாற்பது தந்தி. சரி, நான்கு.

இரண்டாம் நாள் சாயங்காலம், வயோமிங்கில் வெயில் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே படுக்கை விரிக்க ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாரும் புகைக்கும் அறைக்குப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. கைகட்டி என் பக்கத்திலேயே நின்றார்.

"மிஸ்டர் டில்லர்ட், நான் இன்னிக்கு மேல் பெர்த்துல படுத்துக்கறேனே. கண்டக்டர்கிட்ட பணம் கட்டிட்டேன்."

"மேலயா? எதுக்கு சார் கஷ்டம்? ஜன்னல் கிடையாது, காத்து கிடையாது. போன மாசம் மேல படுத்த ஒருத்தர் காலையில வெந்த உருளைக்கிழங்கா இறங்கினார்."

"பரவாயில்லீங்க. கீழே சக்கரச் சத்தம் தாங்கல."

உலகத்தில் எவன் விரும்பி மேல் பெர்த் கேட்பான்? தெரிந்துதான் கேட்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. சாவியைத் திருப்பினேன். இடது கையால் மெத்தையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் இறக்கினேன். அதற்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. உறை வழுக்கி நேராக அவருடைய ஷூ மேல் விழுந்து வாய் பிளந்தது. முப்பத்தொரு அட்டைகளும் கம்பளத்தில் பரந்தன. தொப்பிக்குள் எனக்குச் சுரந்த வியர்வையில் ட்ரவுட் மீன் வளர்த்திருக்கலாம்.

பெல்டன் குனிந்தார். நான் குனிவதற்கு முன்னால் அவரே ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். எல்லாவற்றையும் ஓரம் தட்டி அடுக்கினார்.

"சீட்டுக்கட்டு சார்" என்றேன். என் நாக்கு என்னைக் கேட்காமல் சொன்னது.

"கட்டுக்கு ஐம்பத்திரண்டு வேணுமே, மிஸ்டர் டில்லர்ட். இதுல இன்னும் இருபத்தொண்ணு குறையுது."

எண்ணியே விட்டார்! உறையை என் கையில் வைத்துவிட்டு மேலே ஏறித் திரையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சிக்காகோ வரை சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

சிக்காகோவில் சைலஸ் அண்ணனிடம் உறையைக் கொடுத்தேன். அவர் முப்பது வருஷ சர்வீஸ், கதவளவு அகலமான ஆள். ஸ்டேட் தெருவில் முடிவெட்டும் சலூன் ஒன்றின் பின்னறைதான் எங்கள் சங்க அலுவலகம். எண்ணிப் பார்த்து, தம்பியின் அட்டையை மட்டும் இரண்டு முறை தொட்டுவிட்டு, "வழியில ஒண்ணும் வம்பு இல்லியே?" என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். சொன்னால் அவர் தூங்கமாட்டார், அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதிலிருந்து எட்டாம் நாள் கம்பெனி சூப்பிரண்டு கூப்பிட்டனுப்பினார். ஹார்க்னெஸ் என்று பெயர். அந்த அறைக்குள் போன போர்ட்டர்கள் சீருடையோடு போய்ச் சீருடை இல்லாமல் வெளியே வந்ததுதான் வழக்கம். வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் நின்று, சவ ஊர்வலம் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

ஹார்க்னெஸ் ஒரு கடிதத்தை மேசையில் தள்ளினார்.

"படிக்கத் தெரியுமில்ல? படி."

பெல்டனின் கடிதம். மிஸ்டர் ரூஃபஸ் டில்லர்ட் அவர்களைப் போன்ற பண்புள்ள மனிதரைத் தாம் சந்தித்ததில்லை. மாதம் நானூறு மணி நேரம் உழைத்தும் அவர் முகம் சுளிக்கவில்லை. இப்படிப்பட்டவர்களைக் கம்பெனி உரிய முறையில் நடத்தும் என நம்புகிறார். ஒன்றரைப் பக்கம் பாராட்டு. அட்டைகளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மூச்சு விடலாமா என்று யோசிக்கும்போதே ஹார்க்னெஸ் மேசையைத் தட்டினார்.

"மிஸ்டராம்! அவர்களாம்! ஒரு வெள்ளைக்காரனுக்கு உன் முழுப் பேரு எப்படிடா தெரியும்? நானூறு மணி நேரம்னு எவன் சொன்னான்? இந்த ஆளு யூனியன்காரன். உனக்கும் அவனுக்கும் என்ன பேச்சு? நிஜத்தைச் சொல்லு, இல்லேன்னா கோட்டைக் கழட்டி வச்சிட்டுப் போ."

நான் வேவுக்காரர் என்று நினைத்த மனிதரை இவர் சங்கத்து ஆள் என்று நினைக்கிறார். ஒன்றுமே பேசவில்லை என்றால் நம்பமாட்டார். கோட்டைத் தடவிக்கொண்டேன். பிறகு கதவைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், மேசைப் பக்கம் குனிந்தேன்.

"சொல்லக் கூடாதுன்னு சொன்னார் சார்."

"யாரு?"

"அவருதான். அவர் கேட்டதெல்லாம் உங்களைப் பத்தி சார்."

"என்னைப் பத்தியா?"

"காலையில எத்தனை மணிக்கு வர்றீங்க, மத்தியானம் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறீங்கன்னு கேட்டார். மேலிடத்துக்கு நாலு தந்தி அடிச்சார் சார். அப்புறம் இந்த மேசையில கீழ் டிராயர்ல என்ன இருக்குன்னு..."

டிராயர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஆனால் ஹார்க்னெஸின் முழங்கால் தானாக எழும்பி அந்த டிராயரை இன்னும் அழுத்தி மூடியது. உள்ளே ஏதோ கண்ணாடி 'ணங்' என்றது. மதுவிலக்குக் காலம், சொன்னேனல்லவா?

"நீ என்ன சொன்னே?" குரல் பாதியாகிவிட்டது.

"பைபிள் இருக்குன்னு சொன்னேன் சார்."

"அப்படின்னா கடிதத்துல ஏன் உன் பேரை மட்டும் எழுதியிருக்கான்?"

"உங்க பேரை வேற கடிதத்துல எழுதியிருப்பார் சார்."

ஹார்க்னெஸின் முகம் நான் வெளுத்துத் தேய்த்த தலையணை உறையைத் தோற்கடித்தது. கடிதத்தை எட்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாம எதுவும் பேசல. புரியுதா, ஜார்ஜ்? நல்ல வேலை செய்யறே. போ."

கோட்டோடு வெளியே வந்தேன். வாய் காதுவரை போய்விட்டது, இழுத்துப் பிடித்தும் அடங்கவில்லை. வராந்தாவில் நின்றவர்கள் என் கோட்டைப் பார்த்தார்கள், என் சிரிப்பைப் பார்த்தார்கள். வழி விட்டார்கள், மிகவும் அகலமாக.

அன்று சாயங்காலம் சலூன் பின்னறைக்குள் நுழைந்தேன். நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். சைலஸ் அண்ணன் அட்டைகள் இருந்த உறையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"உள்ளே எவ்வளவு நேரம் இருந்தே?"

"பத்து நிமிஷம்ணே. கேளுங்க, பெரிய தமாஷு..."

"அங்க போய்ட்டு வேலையோட வந்தவன் யாருமில்ல. சிரிச்சுக்கிட்டே வந்தவன் நீ ஒருத்தன்தான். எதைக் கொடுத்துட்டு வந்தே, ரூஃபஸ்?"

கடிதம், டிராயர் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்றவன், "கதை நல்லா சோடிக்கிறான்" என்றான். என் வாழ்நாளில் முதல்முறையாகக் கூட்டிக் குறைக்காமல் சொன்ன கதை, அதைத்தான் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் வயோமிங்கில் உறை விழுந்ததையும் சொன்னேன்.

சைலஸ் அண்ணன் எழுந்து என் எதிரில் வந்தார்.

"ஒரு வெள்ளைக்காரன் என் தம்பி பேரைப் படிச்சிருக்கான். எட்டு நாளா நீ என்கிட்ட சொல்லல."

"தப்புதாண்ணே."

"அது கிடக்கட்டும். முப்பத்தொரு அட்டையையும் நான் படிச்சேன். உன் அட்டை எங்கே?"

தூதுபோகிறவன் கையெழுத்துப் போடக்கூடாது, மாட்டினால் சங்கத்துக்கு ஆபத்து என்று ஓக்லண்டில் நீட்டி முழக்கியிருந்தேன். கேட்டவர்கள் என்னைத் தியாகி என்றார்கள். என் மனைவி இடெல்லாவுக்கு ஏழாம் மாதம். வீட்டு வாடகை என் கோட்டில்தான் தொங்கியது. பயம். அவ்வளவுதான். அதை மட்டும் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு எப்போதும் வந்ததில்லை.

"போடலண்ணே. பயமா இருந்துச்சு."

"அவங்க முப்பத்தொரு பேருக்கும் இல்லாத பயமா?"

அவர் பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து என் முழங்கால்மேல் வைத்தார். பேனாவையும் கொடுத்தார். பெயரை எழுதினேன், கீழே கையெழுத்துப் போட்டேன், விலாசத்தையும் எழுதினேன். நாளைக் காலை யாராவது ஒருவன் இதை ஹார்க்னெஸ் மேசையில் போட்டால் என் கதை முடிந்தது. அதைத் தெரிந்துதான் நீட்டினேன்.

சைலஸ் அண்ணன் அட்டையை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலால் மையைத் தேய்த்துப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். பிறகு உறையில் போட்டு, உறையைக் கோட்டின் உள்பையில் வைத்து, என் பக்கத்தில் வந்து பெஞ்சு முனகும்படி உட்கார்ந்தார்.

உட்கார்ந்துவிட்டு, கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.