எண்ணெயோடு பார்த்த ராட்

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சண்டையிலிருந்து வந்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது? சண்டை போட்டவர்கள் என் கணவரும் அவருடைய தங்கையும். காரணம், தீக்குச்சி நீளம்கூட இல்லாத ஓர் அலுமினியத் துண்டு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: நீல வானத்தில் ஒரு சின்னஞ்சிறு விமானம்… (வேண்டாம். வானத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை.)

2

மாடல் விமான எஞ்சின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனையும் புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்கையும் இணைப்பது கனெக்டிங் ராட், அந்த அலுமினியத் துண்டு. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, புரொப்பெல்லரை இப்படியும் அப்படியும் மெல்ல அசைக்க வேண்டும். பிஸ்டன் நகராமல் புரொப்பெல்லர் மட்டும் அசைந்தால் அதற்குப் பெயர் ஆட்டம். துளி ஆட்டம் இருந்தால்தான் எண்ணெய் உள்ளே போகும். கூடிவிட்டால் ராட் ஒடியும், எஞ்சின் போச்சு.

[கொட்டாவி விடுகிறீர்கள், தெரிகிறது. இது தெரியாவிட்டால் சண்டை புரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.]

3

மாடல் விமானப் போட்டியின் இறுதிப் பந்தயத்தன்று காலை. விமானம் ஓட்டுபவள் என் நாத்தனார். பிழைப்புக்குப் பல் செட் செய்கிறாள். வருஷா வருஷம் தகுதிச் சுற்றோடு திரும்பியவள், முதல் தடவையாக இறுதிக்கு வந்திருந்தாள். எஞ்சின் என் கணவர் பொறுப்பு. ஆட்டம் அளவாக இருக்கிறது, கச்சிதம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். மைதானத்துக் கொட்டகையில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கழுவிட்டுப் பாத்தியா அண்ணா, எண்ணெயோட பாத்தியா?"

அவர் அசட்டுச் சிரிப்புடன்… (அடித்துவிட்டேன். அவர் அசடு இல்லை.) எண்ணெய்ப் பிசுக்கு இடைவெளியை அடைத்து ஆட்டத்தை மறைத்துவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவரே அவர்தான். அவரே எண்ணெயோடு பார்த்திருந்தார்.

இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார். கழுவிட்டுத்தான் பார்த்தேன் என்று மாற்றிவிடு, கதைதானே, என்கிறார். மாட்டேன்.

4

பந்தயத்துக்கு அரை மணிதான் இருந்தது. பிரிக்காதே, இன்று ஒரு நாள் தாங்கும் என்று கெஞ்சினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எஞ்சினைப் பிரித்தாள், ஸ்பிரிட்டில் கழுவினாள், துடைத்து மாட்டி அசைத்தாள். லொடலொடவென்று ஆடியது. மறுபடி பிரித்துப் புது ராடை மாட்ட ஆரம்பித்தாள். கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது, நேரமாகிவிட்டது என்று நடுவர்கள் அவளைப் பந்தயத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

முடிவு ஒன்று: இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள், பறந்தாள், கோப்பையும்… (பொய்.)

முடிவு இரண்டு: பழைய ராடோடு பறந்திருந்தால் நிச்சயம் ஒடிந்திருக்கும், அவள் செய்ததே… (எனக்கு எப்படித் தெரியும்?)

5

வீட்டுக்கு வந்தும் அவருக்குப் பொறுக்கவில்லை. பழைய ராடை மறுபடி மாட்டி ஓட்டலாம், தாங்குமா ஒடியுமா என்று தெரிந்துபோகும் என்றார். அவள் அதைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"தாங்கிடுச்சுன்னா நான் முட்டாள். ஒடிஞ்சுதுன்னா நீ முட்டாள். அடுத்த வருஷமும் நாம ரெண்டு பேரும்தான் சேர்ந்து போகணும். உள்ள வைங்க அண்ணி."

ராட் என் மேசை டிராயரில் இருக்கிறது. இதற்கு முடிவு எழுத மாட்டேன். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்கள் வாருங்கள். ராடும் தருகிறேன், எஞ்சினும் தருகிறேன். அவர்கள் இருவரும் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வாருங்கள். என்ன ஆனது என்று என்னிடமும் சொல்லாதீர்கள்.