கட்டம் மாற்றும் பொருள்

தமிழ் வானொலிக்காரர்கள் பேட்டிக்குக் கூப்பிட்டபோது அன்பரசி ஒரே ஒரு தப்புதான் செய்தாள். ஆங்கிலம் கலக்காமல் பேசிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

கோலா சிலாங்கூருக்கு வெளியே ஒரு சின்ன கம்பெனியில் அவள் எஞ்சினியர். அங்கே செய்கிற சிப்பில் கரண்டுக்குப் பதிலாக ஒளி ஓடும். ஒளி ஓடுகிற தடத்தின் மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சு. அதைச் சட்டென்று சுட்டுச் சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஒளி தாண்டிப் போகும். நிதானமாகச் சூடு காட்டினால் பளிங்கு மாதிரி இறுகிவிடும், ஒளியைக் குடித்துவிடும். கரண்டை அணைத்தாலும் விட்ட நிலையிலேயே நிற்கும். வேண்டும்போது திரும்பவும் மாற்றலாம். அதனால் ஒரே சிப்புக்கு இன்றைக்கு ஒரு வேலை, நாளைக்கு வேறு வேலை என்று சொல்லிக் கொடுக்கலாம். இந்தப் பூச்சுக்கு ஆங்கிலத்தில் ‘பேஸ் சேஞ்ச் மெட்டீரியல்’ என்று பெயர். ‘நிலை மாறும் பொருள்’ என்று சொல்லியிருந்தால் ஒரு பிசாசும் காதில் வாங்கியிருக்காது. அவள் புரட்டிய அகராதியில் ‘பேஸ்’ என்பதற்கு முதல் அர்த்தம் ‘கட்டம்’ என்று போட்டிருந்தது.

“நான் கட்டம் மாற்றும் பொருளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன்” என்றாள் வானொலியில், மணி அடித்த மாதிரி.

அவள் ஊரான புக்கிட் ரோத்தானில் கட்டம் என்றால் ஒன்றுதான். அது ஜாதகத்தில் இருப்பது. மறுநாள் காலையில் அவள் அப்பா சிவானந்தம், செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர், ரொட்டி சானாய் கடையிலிருந்து முகமெல்லாம் பல்லாக வந்தார்.

“ஏம்மா, ஜாதகக் கட்டத்தையே மாத்துற மருந்து கண்டுபிடிச்சிட்டியாமே?”

“ஐயோ அப்பா, அது சிப்புலா. சூடு பண்ணா மாறும்.”

“அப்ப மாறுதா இல்லையா?”

“மாறுது, ஆனா…”

“அதைத்தானே அவங்களும் சொல்றாங்க.”

ஊர் சிரித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டம் மாற்றுகிறவளுடைய சொந்தக் கட்டத்திலேயே எட்டில் செவ்வாய். கோலா குபு பாருவில் ஆபீஸ் வேலை பார்க்கும் உமாபதியும் அவளும் ஆறு வருஷமாகப் பழக்கம். அவன் அம்மா புஷ்பவள்ளி அந்த எட்டைக் காட்டி ஆறு வருஷமாகக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். “எனக்கென்ன அன்பு, நான் ரெடி. அம்மாதான்…” என்று உமாபதி இழுப்பான். அந்த முகத்தைப் பார்த்தால் அழ வேண்டியவள் அவனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வருவாள். வயது முப்பத்து நாலு ஆகிவிட்டது. அவளுக்கு அவன்தான் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் என்கிற இடத்துக்கு வந்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்து உடையப்பன் வந்தார். பூஜைச் சாமான் கடை, ஜாதகப் பொருத்தம், கல்யாணத் தரகு எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடத்துகிறவர். தராசு இல்லாமலே மனுஷனை எடை போடுகிற கண்.

“தங்கச்சி, கடைக்கு ராசிக்கல்லு இறக்குறேன். புது சரக்கு. பேரு ‘கட்டம் மாத்தும் கல்லு’. திறப்பு விழாவுக்கு நீ வந்து பக்கத்துல நின்னா போதும். அந்த வெள்ளைக் கோட்டு இருக்குல்ல, அதைப் போட்டுக்கிட்டு.”

“அது வெறும் கண்ணாடிதானே அங்கிள்?”

“நீ பண்றதும் கண்ணாடிதானே? ரேடியோவுல நீயே சொன்ன.”

ஏற்கெனவே இரண்டு தடவை முடியாது என்று சொல்லியிருந்தாள். இந்தத் தடவை அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“புஷ்பவள்ளி வீட்டுக்கு உன் எட்டாமிடத்தைப் பார்த்துச் சொன்னது யாரு? நான். நான் சொன்னதை நானே மாத்தக் கூடாதா? கல்லைப் போட்டா, செவ்வாய் அடங்கிட்டாருன்னு ஒரு வார்த்தை. எடுத்த எடுப்புல கல்யாணம்.”

அன்பரசியின் ஆறு வருஷத்து அழுகை இந்த ஆளுடைய நாக்கு நுனியில் இருந்திருக்கிறது. ஓங்கி அறையலாம். அறைந்தால் செவ்வாய் எட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

“முதல்ல நீங்க போய்ச் சொல்லுங்க. அவங்க எனக்கு போன் பண்ணட்டும். அப்புறம் வந்து நிக்கிறேன்.”

உடையப்பன் சிரித்தார். “நீ படிச்சது சயன்ஸா, வியாபாரமா?”

புஷ்பவள்ளி அந்த வாரமே போன் பண்ணினாள். குரலில் சர்க்கரை. “அன்பும்மா, தை மாசத்துல வச்சிக்கலாமா?”

பேசி வைத்தபடி அன்பரசி திறப்பு விழாவில் போய் நின்றாள். வாசலில் ஆள் உயரப் பதாகையில் ‘விஞ்ஞானி அன்பரசி’ வெள்ளைக் கோட்டுடன் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே அசல் அன்பரசி வேர்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த திலகா அக்கா, மகளைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். அந்தப் பெண்ணைக் கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்களெல்லாம் காபி குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

“இது நீ கண்டுபிடிச்சதாம்மா? நீ சொன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குவேன்.”

ஆமாம் என்று அன்பரசி சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தாள். திலகா அக்கா இரண்டு கல் வாங்கினாள், மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

மறு ஞாயிறு மாலை உமாபதி அவளை ஜெராமுக்கு அழைத்துப் போனான். கடலோரக் கடை, சுட்ட மீன். அவள் மண்டபம், சேலை, பத்திரிகை என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவன் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அம்மா இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்குவாங்கன்னு நெனைக்கலை” என்றான்.

“சந்தோஷமா இல்லையா?”

“இருக்கு… அன்பு, உடையப்பன் அங்கிள்கிட்ட சொல்லி அதைப் பழையபடி மாத்த முடியுமா?”

“எதை?”

“கட்டத்தை. அம்மாவே வேணாம்னு சொல்ற மாதிரி. உனக்கும் கெட்ட பேரு வராது, எனக்கும் வராது.”

பக்கத்து மேசைக் குழந்தை நண்டு ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. அன்பரசிக்கு ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது.

“வேற யாராவது இருக்காளா?”

“சத்தியமா இல்லைலா!”

அதுதான் தாங்கவில்லை. ஒருத்தி இருந்திருந்தால் அவளைத் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

“அப்ப ஆறு வருஷமா ஏன்டா?”

“நீ கேட்டுக்கிட்டே இருந்த. முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்ல மனசு வரலை. அம்மாவும் ஒத்துக்கலை, சரி, அப்படியே போகட்டும்னு…”

எட்டில் உட்கார்ந்திருந்த செவ்வாய் இவனுக்குத் தடையாக இருந்ததில்லை, குடையாக இருந்திருக்கிறது. அதைத் தன் கையால், வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பிடுங்கி எறிந்தவள் அவள்தான்.

“உங்கம்மாகிட்ட நீயே சொல்லேன்.”

“எனக்கு வாய் வராது அன்பு.”

வராதுதான். அவள் பேசாமல் இருந்தால் இவன் தை மாசம் மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்காருவான், தாலியும் கட்டுவான். வாயைத் திறக்கவே மாட்டான். பேரம் படிந்த சரக்கு. கை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், நீட்டலாமா என்று யோசித்தாள்.

பிறகு கைப்பேசியை எடுத்து புஷ்பவள்ளியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

“ஆன்டி, அன்பரசி பேசுறேன். கல்யாணம் வேணாம் ஆன்டி. எனக்கு இஷ்டம் இல்லை.”

“என்னது? கட்டம் மாறினதும் கொழுப்பு ஏறிடுச்சோ? எட்டுல செவ்வாயை வச்சிக்கிட்டு எம்புள்ள பின்னால அலைஞ்சியேடி! இப்ப பெரிய எடத்துல கேட்டு வர்றாங்களா?”

அவள் போனை அணைக்கவில்லை. திட்டு நீண்டுகொண்டே போகட்டும் என்று விட்டாள். எங்கேயாவது ஓரிடத்தில் உமாபதி, “அம்மா, அவ மேல தப்பில்லை” என்று சொல்லிவிடுவானா என்று பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான். அலைகூட இல்லாத, சேறு மண்டிய கடல். அப்படி என்ன பார்க்க இருக்கிறதோ.

நாளைக்கு ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். தோஷக்காரி மாப்பிள்ளையையே வேண்டாமென்று சொல்லிவிட்டாள், கல்லுக்கு அவ்வளவு சக்தி. உடையப்பனுக்கு இரண்டாம் லோட் இறக்க வேண்டியிருக்கும். கடை வாசலில் சிரிக்கிற அந்தப் பதாகையை அவிழ்க்கச் சொல்வதற்கு, பதிலுக்குக் கொடுக்க அவளிடம் இனி ஒன்றும் இல்லை.

எதிர்முனை தானாகவே அணைந்தது.

உமாபதி பெருமூச்சு விட்டான். முதுகை நிமிர்த்தினான். மீனைத் தன் பக்கம் இழுத்து, நல்ல சதையாகப் பார்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

“சம்பல் இன்னும் கொஞ்சம் கேக்கவா அன்பு?” என்றான். ஆறு வருஷத்தில் அவ்வளவு வாஞ்சையாக அவன் எதையும் கேட்டதில்லை.