எட்டாம் எண் டப்பா

காலை ஏழு இருபதுக்கு அவன் பட்டறைக் கதவைத் திறந்தான்.

அவள் பின்னால் நின்றாள். அங்கிருந்து அவன் முகம் தெரியாது. முதுகைப் பார்த்தாள். இரண்டு நாள் வெளியூரில் லிஃப்ட் மாட்டிவிட்டு வந்த முதுகு. தோளில் பை அப்படியே இருந்தது.

"எப்படி இருக்கு?"

பட்டறை என்பது கார் நிறுத்தக் கட்டிய அறை. கார் இல்லை. இரண்டு நாள் முன்புவரை அங்கே பதினான்கு தகர டப்பாக்கள் மேசை மேலும் கீழும் கிடந்தன. இப்போது மேசை துடைத்துவிட்டது போல் இருந்தது. சுவரில் ஒரு பலகை அடுக்கு. அதில் நாற்பத்தெட்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். பொத்தானும் கொக்கியும் போட அவள் தன் தையல் வேலைக்கு வாங்கி வைத்தவை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் துணித்துண்டு. துணியில் சிவப்பு நூலால் எண். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. போல்ட் தனி, நட் தனி, வாஷர் தனி.

அவன் எட்டாம் எண் டப்பாவை எடுத்தான். நிறைந்திருந்தது.

"பால்பவுடர் டப்பா எங்க?"

"எது?"

"பால்பவுடர் டப்பா. பிஸ்கட் டப்பா. கைப்பிடி உடைஞ்ச மக்கு."

"கழுவிக் கவுத்து வெச்சிருக்கேன்."

"உள்ள இருந்தது?"

"எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டித்தானே பிரிச்சேன். ஒவ்வொரு டப்பாவுலயும் எல்லா சைஸும் கலந்து கெடந்துச்சு. எப்படித்தான் வேலை பாக்குறீங்களோ."

அவன் முக்காலியில் உட்கார்ந்தான். டப்பா மடியில் இருந்தது.

"அது கலந்து கெடக்கல," என்றான். "பால்பவுடர் டப்பா அடிக்கால். பிஸ்கட் டப்பா கழுத்து. மக்குல இருந்தது தட்டு. ஒரு டப்பாவுக்கு ஒரு மூட்டு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று முழு சூரிய கிரகணம். பதினொன்று முப்பத்தெட்டுக்கு மூடும். இரண்டு நிமிடம் ஒன்பது விநாடி மூடியிருக்கும். இந்த ஊருக்கு மறுபடி வர நூற்று நாற்பத்தெட்டு வருடம் ஆகும். தொலைநோக்கியின் கண்ணாடியை அவன் மூன்று வருடம் கையால் தேய்த்து உருவாக்கியிருந்தான். குழாய் தயார். அதைத் தாங்கும் ஸ்டாண்டை மட்டும் கறுப்புப் பெயின்ட் அடிப்பதற்காகக் கழற்றி வைத்திருந்தான். பெயின்ட் காய்வதற்குள் வெளியூரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. துண்டுகள் சுவரில் சாய்ந்து பளபளவென்று நின்றன. அவற்றை இணைக்கும் ஐம்பத்திரண்டு போல்ட்டுகளும் மற்ற எல்லா போல்ட்டுகளோடும் சேர்ந்து ஒழுங்காக இருந்தன.

ஒன்பது வருடத்துக்கு முன் முக்கால் கிரகணம் ஒன்று வந்தது. அப்போது அவன் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தான். உள்ளே மாட்டிக்கொண்ட ஆளை வெளியே எடுத்தபோது தெருவில் எல்லோரும் பார்த்து முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதை அவன் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. அடுத்த வாரம் கண்ணாடி வாங்கப் போனான். தேய்க்கக் கற்றுக்கொள்ளவே ஆறு வருடம்.

வாசலில் செருப்புச் சத்தம். அவள் தம்பி. பஸ் டிரைவர். கிரகணத்துக்காக லீவு போட்டிருந்தான். சட்டைப் பையில் கறுப்புக் கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? சூரியன் வர மாட்டேன்னு சொல்லிடுச்சா?"

தம்பி பலகை அடுக்கைப் பார்த்தான்.

"அட, அக்கா. மருந்துக்கடை மாதிரி இருக்கு."

"வாயை மூடுடா," என்றாள்.

கணவன் எழுந்தான். பையை இறக்கினான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"மாப்ள, துண்டையெல்லாம் மாடிக்கு ஏத்து. கால் முதல்ல."

மொட்டை மாடிக்கு முப்பத்தொரு படி. தம்பி நான்கு முறை ஏறி இறங்கினான். அவள் டப்பாக்களைத் தூக்கினாள். எட்டரைக்கு எல்லாம் மேலே வந்துவிட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பக்கத்து மாடிகளில் அதற்குள் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒருவர் வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார், அதில் பார்க்கலாம் என்று.

கணவன் எட்டாம் எண் டப்பாவிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து இரும்புக் காலின் துளையில் வைத்தான். இரண்டு சுற்று கையாலேயே போனது. மூன்றாவதில் நின்றது. அவன் ஸ்பேனரை மாட்டினான். அப்புறம் கழற்றிவிட்டான்.

"என்னாச்சு?" என்றான் தம்பி.

"இது மில்லி. கால்ல இருக்கிற துளை இஞ்சு."

அவள் அவனைப் பார்த்தாள்.

"கால் உன் பழைய தையல் மெஷினோடது. அந்தக் காலத்து இரும்பு, இஞ்சுக் கணக்கு. மேல இருக்கிறது லிஃப்ட்டுல கழிச்சுப் போட்டது. அது மில்லிமீட்டர். ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். மரை மட்டும் வேற."

"நான் துளைத் தகட்டுல போட்டுத்தானே அளந்தேன். எட்டுல நுழைஞ்சுச்சு, ஏழுல நுழையல."

"ரெண்டும் எட்டுல நுழையும்."

துளைத் தகடு அவன் பட்டறையில் ஆணியில் தொங்கிய இரும்புப் பட்டை. மூன்று மில்லியிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாகத் துளைகள். அவள் இரண்டு நாள் அதை மடியில் வைத்து ஒவ்வொன்றாக அளந்திருந்தாள். எட்டாம் எண்ணில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணி, துணியின் ஓரத்தில் அதையும் தைத்திருந்தாள்.

"திணிச்சா போகாதா மாமா?"

"மரை கழண்டுரும்."

"உங்களுக்கா, அதுக்கா?"

கணவன் சிரித்துவிட்டான். அன்று முதல் தடவை. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அவன் ஒரு இஞ்ச் நட்டைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு போல்ட்டிலும் மாட்டிப் பார்க்கத் தொடங்கினான். மாட்டு, மூன்று சுற்று, கழற்று. ஒன்றுக்கு அரை நிமிடம். ஒன்பது மணிக்கு முப்பது முடிந்திருந்தது. இஞ்ச் நான்கே நான்கு. தம்பி மனக்கணக்குப் போட்டான்.

"எல்லாம் முடிய பத்தரை. அப்புறம்தான் மாட்டணும். அதுக்கு?"

"ரெண்டு மணி நேரம்," என்றான் கணவன்.

பிறகு யாரும் கணக்குப் போடவில்லை.

அவள் அந்த நான்கில் ஒன்றை எடுத்தாள். கட்டை விரல் நகத்தால் மரையை வருடினாள். இன்னொரு போல்ட்டை வருடினாள். மறுபடி முதலாவது. துணியில் தையல் நெருக்கம் பார்க்க அவள் கண்ணால் பார்ப்பதில்லை, இப்படித்தான் பார்ப்பாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கினாள். பற்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"இது அகலத் தையல். இது நெருக்கம்," என்றாள்.

"என்னது?"

"ஒண்ணு மேல ஒண்ணு உக்காரல. பாருங்க. இடையில வெளிச்சம்."

அவன் வாங்கிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

அவள் தரையில் உட்கார்ந்து டப்பாவைக் கவிழ்த்தாள். இடது கையில் அந்த ஒரு போல்ட். வலது கை எடுத்தது, வைத்தது, போட்டது. உட்கார்ந்தால் இடப்பக்கம். உட்காராவிட்டால் வலப்பக்கம். ஒன்றுக்கு இரண்டு விநாடி. பாதிக்குப் பிறகு வெளிச்சம் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். விரலே சொன்னது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா. என் கண்ணு சுத்துது."

"பேசாம எடுத்துக் குடு."

அவள் போடப் போட தம்பி எடுத்துக் கொடுத்தான். கணவன் மாட்டினான். கால் நின்றது. குறுக்குச் சட்டம் ஏறியது. ஸ்பேனர் கிர்ர் கிர்ர் என்று ஓடியது. யாரோ அடுத்த மாடியிலிருந்து, "அந்தப் பீரங்கி எப்ப வெடிக்கும்?" என்று கேட்டார். "பதினொண்ணு முப்பத்தெட்டு," என்றான் கணவன் தலை தூக்காமல்.

பத்து இருபதுக்குத் தெருவில் ஒரு கூச்சல். சூரியனில் முதல் கடி விழுந்துவிட்டது. தம்பி கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தான். கடி கொஞ்சம் பெரிதானதும், டப்பாக்களோடு மேலே வந்திருந்த துளைத் தகட்டை எடுத்து வெயிலில் பிடித்தான். தரையில் சின்னத் துளைகள் எல்லாம் ஓரம் கடித்த வட்டங்களாக விழுந்தன. பெரிய துளைகள் வெறும் வட்டமாகவே இருந்தன.

"அக்கா, இங்க பாரு. மூணு, நாலு, அஞ்சு, எல்லாத்தையும் எலி கடிச்சிருக்கு."

அவள் பார்த்தாள். நட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

பதினொன்று பத்து. கழுத்து ஏறிவிட்டது. தட்டு ஏறிவிட்டது. குழாயைத் தம்பியும் கணவனும் தூக்கித் தொட்டிலில் வைத்தார்கள். கணவன் அதைத் தோளில் தாங்கியபடி கையை நீட்டினான்.

"நீள போல்ட்டு. உருண்டைத் தலை. அச்சு."

அவள் இடப்பக்கக் குவியலைக் கலைத்தாள். வலப்பக்கத்தைக் கலைத்தாள். தம்பி மற்ற டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். ஆறு, பத்து, பன்னிரண்டு.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு," என்றான் கணவன். "பழைய மெஷின் மிதியில இருந்தது. அது இல்லாம குழாய் நிமிராது. தரையைத்தான் பாக்கும்."

அவள் கை நின்றுவிட்டது.

"நிமிராட்டி கயித்துல கட்டலாமா மாமா?"

"ஆடும்."

"ஏங்க," என்றாள். குரல் சின்னதாக வந்தது. "என் மெஷினோட மிதி ஆடுதுன்னு ஒரு மாசமா சொல்லிட்டிருந்தேன்ல."

"இப்ப அதையா பேசுறது?"

"நீங்க இன்னிக்கு நாளைக்குன்னு சொல்லிட்டே இருந்தீங்க. அந்த போல்ட்டு அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு."

கணவனின் வாய் திறந்தது. அவள் அதற்குள் ஸ்பேனரோடு படியில் இருந்தாள்.

முப்பத்தொரு படி. முன்னறை. மெஷினில் பாதி தைத்த பாவாடை ஊசிக்கடியில் இருந்தது. அதை அப்படியே விட்டு அவள் தரையில் குப்புறப் படுத்தாள். போல்ட் மிதியின் அடியில், அவளே இறுக்கிய இறுக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஸ்பேனர் வழுக்கியது. இரண்டாவது முறையும் வழுக்கியது. பாவாடை ஓரத்தை இழுத்து போல்ட் தலையில் சுற்றி, அதன் மேல் ஸ்பேனரைப் போட்டாள். அசைந்தது. ஜன்னலில் வெயில் இருந்தது, ஆனால் வெயிலின் நிறம் மாறியிருந்தது. மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் சேராத ஒரு நிறம். போல்ட் கையில் விழுந்தது. மிதி படீரென்று தரையில் விழுந்தது.

மேலே வந்தபோது காற்று குளிர்ந்திருந்தது. பறவைகள் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. கணவன் குழாயைத் தோளில் தாங்கிக்கொண்டு அவள் விட்டுப் போன அதே நிலையில் நின்றான்.

"மணி?"

"பதினொண்ணு இருபத்தாறு," என்றான் தம்பி.

போல்ட்டை அவளே நுழைத்தாள். கையால் ஒரு சுற்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது. கணவன் தோளை மெல்ல எடுத்தான். குழாய் நின்றது. ஒரு விரலால் தள்ளினான். சத்தமில்லாமல் நிமிர்ந்தது.

"அப்பாடா," என்றார் அடுத்த மாடிக்காரர்.

குழாயின் வாயில் கறுப்பு வடிகட்டி இருந்தது. கணவன் சூரியனைப் பிடிக்க நான்கு நிமிடம் ஆனது. பிடித்ததும் அவன் தோள் இறங்கியது. வடிகட்டி தம்பியின் பொறுப்பு. முழுதாக மூடியதும் எடுக்க வேண்டும். சூரியன் எட்டிப் பார்ப்பதற்குள் திரும்பப் போட வேண்டும். இல்லையென்றால் கண் போய்விடும். கணவன் அதை அவனிடம் மூன்று முறை சொன்னான்.

"பஸ் ஓட்டுறவன் மாமா நான். நேரத்துக்கு நிறுத்துவேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

"நூத்தி இருபத்தொம்போது விநாடி. மூணு பேரு. ஆளுக்கு நாப்பத்தி மூணு. எண்ணுறது நானு. முதல்ல நீங்க, அப்புறம் அக்கா, கடைசியா நானு. கடைசி நாப்பத்தி மூணுல கொஞ்சம் வெட்டிக்கிட்டு மூடிருவேன். சரியா?"

"சரி."

"யாரும் யார் நேரத்தையும் திங்கக் கூடாது."

"சரிடா."

வெளிச்சம் வடிந்தது. தெருவிளக்குகள் தானாக எரிந்தன. எங்கோ நாய் ஒன்று குரைக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது. தரையில் சிதறிய போல்ட்டுகள் ஒவ்வொன்றாக மங்கின. நட்டுகளின் விளிம்பு மட்டும் கடைசிவரை மினுங்கியது. பிறகு அதுவும் போனது. எல்லா மாடிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு ஓசை எழுந்தது. சொல் இல்லை. மூச்சு.

தம்பி வடிகட்டியை எடுத்தான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

அவள் வெறும் கண்ணால் மேலே பார்த்தாள். சூரியன் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். சுற்றிலும் வெள்ளையாக, ஓரம் பிரிந்த பட்டு போல ஏதோ. அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் கண் குழாயில் இருந்தது. ஒரு கை அச்சு போல்ட்டின் உருண்டைத் தலையைப் பிடித்திருந்தது. அவன் தோள் அசையவில்லை. மூச்சு விடுகிறானா என்று தெரியவில்லை.

"நாப்பது. நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு. நாப்பத்தி மூணு."

அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அங்கேயே நின்றாள்.

"மாமா, நாப்பத்தி மூணு முடிஞ்சு போச்சு. அக்கா நிக்கிறா. கேக்குதா மாமா?"