நூற்றெட்டுச் சுற்று

இளவரசி குடியிருப்பது கடலூரில். மாத்திரை வாங்குவது சிதம்பரத்தில். கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்க, எதற்கு இந்த அலைச்சல்? உள்ளூரில் போனால் தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்து தொலைக்கும். இவளுக்கும் புருஷன் ராஜ்கமலுக்கும் எச்.ஐ.வி. என்பது பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் ஏழு வருஷமாக மாதாமாதம் பஸ் ஏறுகிறாள்.

மகன் எழிலனுக்கு ஆறு வயது. அவனுக்கு நோய் இல்லை. போன வருஷம் சிதம்பரத்து டாக்டர் மாலதி, "ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் கொறஞ்சிருக்கு. ஆசையிருந்தா இன்னொண்ணு பெத்துக்கலாம்மா" என்று சொன்னதிலிருந்து இளவரசிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண் குழந்தைதான் என்று முடிவு கட்டி, இளமதி என்று பேரும் வைத்துவிட்டாள்.

வருஷம் ஓடியும் ஒன்றும் தங்கவில்லை. "பழைய பிரசவச் சீட்டு இருந்தா எடுத்துட்டு வா" என்றார் டாக்டர். பத்திரமாக இருந்தது. அதில் நோயின் பேர் இருக்கிறதே என்று ஆறு வருஷமும் கல்யாணப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்தவர்கள் யாரிடமும் காட்டவும் இல்லை.

மாலதி சீட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"சிசேரியன் பண்ணப்பவே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிட்டாங்களேம்மா. ஒனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட யாரும் கேக்கலியே மேடம்."

"வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டதா எழுதியிருக்கு."

வயிறு இவளுடையது. ஆனால் நோய்க்காரிக்கு வாயும் உண்டு என்பது பிரசவம் பார்த்த மகராசர்களுக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ராஜ்கமல் நின்றிருந்தான். அவள் வந்த வேகத்தையும் கையிலிருந்த சீட்டையும் பார்த்ததுமே முகம் செத்துவிட்டது.

"குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் கையெழுத்துப் போட்டாத்தான் ஆபரேஷனுக்கே தொடுவோம்னாங்க இளவரசி. நீ வலியில துடிச்சிக்கினு கெடந்த. நா இன்னா பண்ணுவேன்?"

அதை அவள் மன்னித்துவிடுவாள். அன்றைக்கு இரண்டு உயிர் அவர்கள் கையில் இருந்தது. பயந்துதான் போயிருப்பான். அவள் வயிறு எரிந்தது வேறொன்றுக்காக.

போன தை மாதம் பிள்ளை வரம் கேட்டு ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போகலாம் என்றாள். மறுபேச்சில்லாமல் கூடவே வந்தான். குளத்தில் முழுகி, ஈரப்புடவையோடு அரசமரத்தை நூற்றெட்டுச் சுற்று சுற்றினாள். அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான் அவன்.

"மரத்த சுத்தறப்ப நடுவுல கணக்கு தப்பிப்போயி நா தெகச்சி நின்னேனே மாமா. நீதான 'நாப்பத்தி மூணு, நட'ன்ன?"

அவன் தலை நிமிரவில்லை.

"அத்தினியும் எண்ணிக்கினு நின்னியே. ஏதாவது ஒரு சுத்துல, போதும் வாடின்னு கூப்ட்டிருக்கக் கூடாதா?"