போர்வை இழுத்தவள்

1.

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. அடிமையாக இருந்தவர்கள் செத்துப்போவதற்குள் அவர்கள் வாய்மொழியை எழுதி வாங்கச் சொல்லி அரசாங்கம் சம்பளத்துக்கு ஆள் அனுப்பியது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் கறுப்பர்கள் குறைவு. அந்தச் சிலரில் நான் ஒருத்தி, கோரா. ஜார்ஜியாவில் பருத்திக்காட்டு ஓரம் குடியிருந்த ஈனாக் டாலிவர் இதை எனக்குச் சொன்னார். அவர் தனிக்கட்டை. நானும்தான்.

2.

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: அக்கா வினியை விற்ற அன்று, சிறுவன் ஈனாக் வண்டிக்குப் பின்னால் கதறிக்கொண்டே

(ஓடவில்லையாம். விடுங்கள்.)

இன்னொன்று: அன்று இரவு அவள் விட்டுப்போன உடுப்பை முகர்ந்துகொண்டு

(உடுப்பு ஏது? இருந்தது ஒன்று. அதைப் போட்டுக்கொண்டுதான் போனாள்.)

அவர் சொன்னது இதுதான்:

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே போர்வை, மகளே. அக்கா இழுத்துக்குவா. குளிர்காலம் பூரா என் காலு வெளியதான். அவளை வித்த அன்னிக்கு முழுப் போர்வையும் எனக்கு. சூடா தூங்குனேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஏழு வயதுப் பிள்ளை புத்தி என்று எனக்குப் புரியும். 'பார்த்தீர்களா, இவர்களுக்குப் பாசமே கிடையாது' என்று சொல்லக் காத்திருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு யார் புரியவைப்பது?

3.

ஆகவே கொஞ்சம் கண்ணீர் சேர்த்து எழுதிக்கொண்டுபோய் அவருக்கே படித்துக் காட்டினேன். இந்தப் பையன் யார் என்று கேட்டார். நீங்கள்தான் மாமா என்றேன். சிரித்தார்.

"அழுத தம்பிங்க இந்த நாடு பூரா கெடக்காங்க. இதை யாராச்சும் எங்கக்காவுக்குப் படிச்சுக் காட்டுனா, எந்தத் தம்பின்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்? போர்வைன்னு போடு. 'அடப்பாவி, இன்னுமா அதையே சொல்லிக்கிட்டுத் திரியறான்'னு சிரிப்பா."

உயிரோடு இருந்தால் அவளுக்குத் தொண்ணூறு இருக்கும். அவர் அந்த 'இருந்தால்' என்ற சொல்லைச் சொல்லவே இல்லை.

4.

விடுதலைக்குப் பிறகு பல ஆண்டுகள் அக்காவைத் தேடி, தேவாலயம் தேவாலயமாக அவள் பெயரைச் சபையில் படிக்கச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை வினி என்றே ஒருத்தி அலபாமாவிலிருந்து நடந்து வந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சோளரொட்டி போட்டார். பிறகு, சின்ன வயதில் நாம் எப்படித் தூங்குவோம் என்று கேட்டார். கட்டிப்பிடித்துக்கொண்டு என்றாள். பொய்க்காரி இல்லை, பாவம். அவளும் ஒரு தம்பியைத் தேடி வந்தவள். மிச்ச ரொட்டியைக் கட்டிக்கொடுத்து அனுப்பினார்.

"அன்னிக்குத்தான் அழுதேன். வேணும்னா அதை எழுது."

(இங்கே ஒரு முடிவு உண்டு: அவள் போகாமல் தங்கிவிடுகிறாள், இருவரும் அக்கா தம்பியாகவே காலம் தள்ளுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன். அவர் வாழாத வாழ்க்கையைக் கொடுக்க நான் யார்?)

5.

அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். அலுவலகத்தில் யாரோ கண்ணீரைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். அழுகிற பையன் வேண்டுமானால் அரசாங்கக் கோப்பில் இருக்கிறான், போய்ப் பாருங்கள். அவர் சொன்ன பையனுக்கு இருக்க இடம் வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்று பாக்கி. அந்தப் போர்வையின் மூலையில் கருகிய ஓட்டை ஒன்று இருந்தது. அது எப்படி வந்தது என்பது அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். எனக்கும் சொன்னார். சொல்லிவிட்டு என் பென்சிலைப் பிடித்துக்கொண்டார்.

"இதை மட்டும் எழுதாத. அவ வந்து சொல்லட்டும்."

இந்தக் குளிர்காலத்தில் ஈனாக் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா என்று யாராவது வந்தால் கேள்வி கேட்க இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

அந்த ஓட்டையின் கதை எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். உங்கள் வீட்டுப் பாட்டி யாராவது, சின்ன வயதில் தம்பியிடமிருந்து போர்வையை இழுத்துக்கொள்வேன் என்று எப்போதாவது சொன்னதுண்டா? அப்படியானால் வந்து, அந்த ஓட்டை எப்படி விழுந்தது என்று சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் ரொட்டி போடுவேன்.

தப்பாகச் சொன்னாலும் போடுவேன். வாருங்கள்.